அடைக்கோழியா, இன்குபேட்டரா?

வடசென்னையின் எண்ணூர், திருவொற்றியூர்க் குப்பங்களில் நாலைந்து நாட்டுக்கோழி வளர்க்கும் வீடுகளுக்கு வருடத்தில் மூன்று நான்கு முறை ஒரே கேள்வி வரும். பத்துப் பதினைந்து முட்டை இட்ட பெட்டை, ஒருநாள் கூடையை விட்டு எழ மறுக்கும். கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்தும். அடைக்கு வந்துவிட்டது. அதை உட்காரவிடுவதா, முட்டைகளை எடுத்து இன்குபேட்டரில் வைப்பதா?

இரண்டுக்கும் கணக்கு 21 நாள்தான். இன்குபேட்டரில் வெப்பம் 37.5 டிகிரியை ஒட்டியே நிற்க வேண்டும். ஈரப்பதம் குறையாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். 18-ஆம் நாள் வரை முட்டைகளைப் புரட்ட வேண்டும். கோழிக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை. அடைக்கு வந்ததும் அதன் வயிற்றில் இறகு உதிர்ந்து, சூடான வெறும் தோல் முட்டையைத் தொடும். முட்டைகளை அலகால் உருட்டி ஓரத்தில் கிடப்பதை நடுவுக்குக் கொண்டுவரும். நாளுக்கு ஒருமுறை இரை தின்ன எழுந்து, எச்சமிட்டுவிட்டுத் திரும்பிவிடும். நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: கூடையில் மணல், அதன்மேல் வைக்கோல், எட்டும் தூரத்தில் தண்ணீர். இடிக்குக் காவல் என்று கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் போட்டுவைப்பது பாட்டிமார் வழக்கம். ஏழாம் நாள் இருட்டில் செல்போன் டார்ச்சைப் பிடித்துப் பார்த்தால், கரு பிடித்த முட்டையில் சிவந்த நரம்புகள் சிலந்தி வலைபோல் ஓடும். ஒன்றும் தெரியாவிட்டால் கூமுட்டை, எடுத்துவிடலாம்.

எண்ணிக்கையில் இன்குபேட்டருக்கே வெற்றி. ஒரு கோழி பத்துப் பன்னிரண்டு முட்டையைத்தான் அணைக்கும். பெட்டியில் ஐம்பது, நூறு வைக்கலாம். கோழி அடைக்கு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அடைகாத்துக் குஞ்சையும் வளர்த்து முடிக்கும்வரை, இரண்டரை மாதம்போலத் தாய் முட்டையிடாது. அதனால்தான் வெள்ளை லெகார்ன் போன்ற பண்ணை இனங்களில் அடைக்குணத்தையே பல தலைமுறைத் தேர்வில் குறைத்துவிட்டார்கள்.

ஆனால் பெட்டியின் உயிர் மின்சாரத்தில் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, அனல்மின் நிலையங்களைப் பக்கத்தில் வைத்திருக்கும் வடசென்னையிலேயே பல தெருக்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் அப்போது அது வெறும் பெட்டி. அடைக்கோழியையோ, தண்ணீர் ஏறினாலும் கூடையோடு தூக்கி மாடிப்படியில் வைத்துவிடலாம். சூடு கூடவே வரும்.

பெரிய வித்தியாசம் குஞ்சு பொரித்த பிறகுதான். பெட்டிக் குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூட்டில் பல்ப் எரிய வேண்டும். பிறகு வாராவாரம் சூட்டைக் குறைக்க வேண்டும். காக்கைக்கும் பூனைக்கும் பெருச்சாளிக்கும் நாமே காவல். தாய்க்கோழி இருந்தால் இறக்கைதான் பல்ப், அதன் எச்சரிக்கைக் குரல்தான் காவல். இரை பொறுக்கவும் அதுவே பழக்கும். வெள்ளைக்கழிச்சலுக்கு மட்டும் இரண்டு வகைக் குஞ்சுக்கும் தடுப்பு மருந்து கட்டாயம். அதைத் தாயால் தர முடியாது.

சேவல் இல்லாத வீட்டில் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. அங்கே முட்டையில் கரு இருக்காது. கோழி வீணாய் மெலியும். அப்போது அடையைத் தெளியவைப்பதுதான் கருணை. மூக்கில் இறகு செருகுவதும் தண்ணீரில் முக்குவதும் வேண்டாம். அடியில் காற்றோடும் கம்பிக் கூண்டில், இரையும் தண்ணீரும் கொடுத்து மூன்று நான்கு நாள் வைத்தால் வயிற்றுச் சூடு தணிந்து அடை தெளியும்.

விற்பனைக்கு வளர்ப்பவர் இன்குபேட்டர் வாங்கட்டும்; கூடவே இன்வெர்ட்டரும் வாங்கட்டும். நாலைந்து கோழி வைத்திருக்கும் குப்பத்து வீட்டுக்கு என் தீர்ப்பு அடைக்கோழிதான். பெட்டி குஞ்சு பொரிக்கும்; கோழி பொரித்து, வளர்த்தும் தரும்.