கவுனி: ஒரு சொல்லும் ஓர் அரிசியும் கடந்து வந்த வழி

சிராங்கூன் சாலைக் கடைகளில் ஊதா நிறம் தோய்ந்த கரிய அரிசி சிறு பைகளில் அடுக்கப்பட்டிருப்பதை நாம் காண்கிறோம். கருப்புக் கவுனி என்பது அதன் பெயர். சோழ மன்னர் உண்ட அரிசி என்றும், எளிய மக்களுக்கு மறுக்கப்பட்ட அரிசி என்றும், நீரிழிவைப் போக்கும் அரிசி என்றும் அதனைப் புகழ்ந்து பேசுகின்றனர். பெரு நாட்டு ஊதாச் சோளமும் இன்று இதே வகைப் புகழுரைகளோடு உலகச் சந்தையில் வலம் வருகிறது. இப்புகழுரைகளில் எவை நிற்கும், எவை நில்லா என்பதை இவ்வுரையில் ஆராய்வோம். மொழியியலாளராகிய நமக்குப் பெயரிலிருந்து தொடங்குவதே முறை.

சங்க இலக்கியத்தில் செந்நெல், வெண்ணெல், ஐவனம் எனப் பல நெல்வகைகள் பேசப்படுகின்றன. கவுனி என்னும் பெயர் அங்கே இல்லை. தமிழ் வேர்ச்சொல் எதனோடும் அது பொருந்தி வருவதாகவும் தெரியவில்லை. கருமையைக் குறிக்கும் சொல்லோ என ஐயுறலாம். ஆயின் சிவப்புக் கவுனி என்றும் ஒரு வகை வழங்குகிறது. நிறத்தைச் சுட்டத் தனி அடைமொழி தேவைப்படுவதால், கவுனி என்பது நிறப்பெயர் அன்று என்பது தெளிவு.

விடை வங்கக் கடலின் மறுகரையில் உள்ளது. பர்மிய மொழியில் ஒட்டும் அரிசியைக் 'கௌஹ்ஞின்' என்பதுபோல் ஒலிப்பர். முதற்பகுதி நெற்பயிரையும், அடுத்த பகுதி ஒட்டும் தன்மையையும் குறிக்கும். ஔகாரம் 'அவு' என நெகிழ்வது தமிழுக்குப் புதிதன்று. கௌதாரி கவுதாரியாவதை நாம் அறிவோம். இடையில் நிற்கும் குரல்வளை ஒலியும் இறுதி மூக்கொலியும் தமிழர் நாவில் மறைந்தால், எஞ்சுவது கவுனியே. ஒலியும் பொருளும் வரலாறும் ஒருங்கே பொருந்துவதால் இச்சொற்பிறப்பை நாம் ஏற்கிறோம்.

அவ்வரலாறு யாது? 1852ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைக் கைப்பற்றினர். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் பர்மிய அரிசிக்கு ஐரோப்பியச் சந்தையில் வரவேற்பு பெருகியது. ஐராவதி கழிமுகத்துக் காடுகள் வயல்களாயின. காட்டைத் திருத்திய உழவர்க்குக் கடன் வழங்கியோருள் முதன்மையானோர் செட்டிநாட்டு நகரத்தார். இவ்வாறு அயல்நாட்டிற்குத் தொழிலுக்குச் செல்வதைக் 'கொண்டுவிற்கப் போதல்' என்பது அவர்தம் வழக்கு. திரும்பி வந்தோர் பர்மாத் தேக்கோடு இவ்வரிசியையும் அதன் பெயரையும் ஊருக்குக் கொணர்ந்தனர். செட்டிநாட்டுத் திருமண விருந்தில் கவுனி அரிசி இனிப்பு இடம்பெற்றது இதன் பயனே.

சிங்கப்பூரும் இவ்வலையின் ஒரு கண்ணியே. மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன. தேங்க் சாலையில் அவர்கள் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் 1859இல் குடமுழுக்குக் கண்டது. இங்கும் இதற்கு உறவான அரிசி முன்னரே வழங்கியது. மலாய்க்காரர் அதனைப் 'புலுட் ஹித்தாம்' என்பர். புலுட் என்றால் ஒட்டும் அரிசி, ஹித்தாம் என்றால் கருப்பு. தேங்காய்ப் பாலும் பனைவெல்லமும் சேர்த்த அந்தக் கஞ்சியை இன்றும் உணவங்காடி நிலையங்களில் நாம் உண்கிறோம். பர்மியரும் மலாய்க்காரரும் ஒட்டும் தன்மையால் பெயரிட்டனர். தமிழர் பொருளறியாமலே ஒலியை மட்டும் பெற்றுக்கொண்டனர்.

இவ்வரலாற்றில் இனிப்பு மட்டும் இல்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல்விலை வீழ்ந்தது. கடனைத் தீர்க்க இயலாத உழவர் நிலங்களை இழந்தனர். கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை, 1938இல் 25 விழுக்காடாயிற்று. நிலமிழந்த பர்மியரின் துயரும், 1942இல் சப்பானியப் படையெடுப்பின்போது கால்நடையாக மலைகளைக் கடந்து வெளியேறிய இந்தியரின் துயரும் இவ்வரிசியின் பின்னணியில் உள்ளன. சோழ மன்னன் உண்டான் எனக் கற்பித்துக் கூறும்போது, மெய்யாக நிகழ்ந்த இவை யாவும் மறைந்துபோகின்றன. நாம் கவலையுறுவது இதற்காகவே.

இனி உடல்நலத்தைப் பார்ப்போம். கவுனிக்கும் ஊதாச் சோளத்திற்கும் நிறம் தருவது ஆந்தோசயனின் என்னும் நிறமித் தொகுதி. இரண்டிலும் மிகுந்திருப்பது சயனிடின்-3-குளுக்கோசைடு. இந்நிறமி நீரில் கரைவது. அரிசியின் வெளித்தவிட்டில் தங்குவது. ஆகவே தீட்டினால் போய்விடும். ஊறவைத்த நீரைக் கொட்டினாலும் பெரும்பகுதி போய்விடும். செட்டிநாட்டு ஆச்சிமார் அரிசியை இரவு முழுதும் ஊறவைத்து, அதே நீரில் வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் ஏலமும் சேர்ப்பர்.

பெரு நாட்டு மக்களும் இதனையே செய்கின்றனர். கெச்சுவா மொழியில் ஊதாச் சோளத்தின் பெயர் 'குல்லி சாரா'. அதனைக் கதிரோடு அன்னாசித் தோல், பட்டை, கிராம்பு சேர்த்துக் கொதிக்கவைத்து, அந்நீரையே 'சிச்சா மொராடா' எனப் பருகுகின்றனர். மொராடா என்பது முசுக்கொட்டைப் பழத்தின் பெயரிலிருந்து பிறந்த ஸ்பானிய நிறப்பெயர். ஒருவரையொருவர் அறியாத இரு மக்கள், நிறம் நீரில் உள்ளது என்னும் ஒரே உண்மையைத் தத்தம் அடுப்படியில் கண்டறிந்துள்ளனர்.

ஆய்வுக்கூடங்களில் இந்நிறமி உயிர்வளியேற்றத்தைத் தடுக்கும் ஆற்றலுடையது எனக் காட்டப்பட்டுள்ளது. ஆயின் உண்ணும் ஆந்தோசயனினில் சிறுபகுதியே மாற்றமின்றிக் குருதியில் சேர்கிறது. மனிதரிடம் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. தீட்டாத அரிசியின் நார்ச்சத்து நன்மை தருவதே. அதனால் அது மருந்தாகிவிடாது. 2016இல் நம் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. அத்தகைய நாட்டில், சர்க்கரையும் நெய்யும் சேர்ந்த இனிப்பை நீரிழிவு மருந்தெனக் கருதி முதியோர் கிண்ணம் கிண்ணமாக உண்பது தீங்காகும். முன்னோர் அதனை விருந்து நாளில், சிறு அளவில் பரிமாறினர். அந்த அளவும் மரபின் ஒரு கூறே.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பிடி கவுனியை ஊறவைத்து, அந்த நீரை இரு குவளைகளில் வகுப்பிற்குக் கொண்டு செல்லுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள், நீர் சிவக்கும். மற்றதில் சமையல் சோடா இடுங்கள். நிறம் நீலத்தை நோக்கி மாறும். அறிவியல் பாடம் அவ்வளவில் முடிந்துவிடும். பின்னர் மாணவரிடம், அவரவர் வீட்டுப் பெரியோர் இவ்வரிசியை எப்பெயரால் அழைத்தனர், எங்கிருந்து பெற்றனர் எனக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். அப்பெயர்கள் தமிழாக இருக்கலாம், மலாயாக இருக்கலாம், பர்மியமாகவும் இருக்கலாம். எவ்வாறாயினும் அவற்றைத் திருத்தாமல், கேட்டவாறே எழுதிக்கொள்ளச் செய்யுங்கள்.