பிறவி இதயக் குறையும் அறுவை சிகிச்சைக்கான காலமும்

பிறவி இதயக் குறை என்பது கருவிலேயே இதயத்தின் சுவரிலோ வால்விலோ பெருங்குழாய்களிலோ ஏற்படும் அமைப்புக் கோளாறு. உலக அளவில், உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 8 பேருக்கு இது உண்டு. சிங்கப்பூரில் தேக்காவுக்கு அருகே புக்கிட் தீமா சாலையிலுள்ள கேகே மகளிர், சிறார் மருத்துவமனையும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையும் இதற்குச் சிகிச்சை அளிக்கின்றன.   

“பிள்ளை கொஞ்சம் தேறட்டும், எடை கூடட்டும்” என்று பெற்றோர் தயங்குவது இயல்பு. ஆனால் எப்போது அறுப்பது என்பதை எடை மட்டும் தீர்மானிப்பதில்லை. நுரையீரல் இரத்தக் குழாய்களும் இதயத் தசையும் எவ்வளவு நாள் தாங்கும் என்பதே முதன்மையான கேள்வி. கீழறைச் சுவரில் பெரிய ஓட்டையுள்ள குழந்தை பிறந்தவுடன் நன்றாகவே இருக்கும். நுரையீரல் குழாய்களின் எதிர்ப்பு குறையக் குறைய, ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் இரத்தம் அங்கே வெள்ளமாகப் பாயும். குழந்தை இரண்டு வாய் பால் உறிஞ்சும், மூச்சு வாங்கி நிறுத்தும். நெற்றி வியர்க்கும், விலா இடுக்கு உள்வாங்கும். எடை ஏறாததற்கு அந்த ஓட்டையே காரணம் என்னும்போது, எடை ஏறட்டும் என்று காத்திருப்பதில் என்ன பொருள்? மருந்துக்கும் சத்துகூட்டிய பாலுக்கும் மசியாவிட்டால் பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்துக்குள் ஓட்டையை அடைக்கிறார்கள். பல ஆண்டுகள் விட்டுவிட்டால் நுரையீரல் குழாய்கள் தடித்து இறுகிவிடும். அதற்குப் பிறகு அடைப்பதே ஆபத்து. பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிய குழந்தைக்கோ அவகாசம் இன்னும் குறைவு. அதன் இடக் கீழறை, அழுத்தம் குறைந்த நுரையீரலுக்கே இரத்தம் அனுப்பிப் பழகிச் சில வாரங்களில் வலுவிழக்கும். 1975-இல் பிரேசிலின் அடிப் ஜட்டேனி முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்த தமனி மாற்று அறுவையை இன்று பொதுவாக முதல் சில வாரங்களிலேயே செய்வது இதனால்தான்.

சின்னஞ்சிறு உடலை இதய-நுரையீரல் இயந்திரத்தில் இணைப்பது ஆபத்தல்லவா என்ற கேள்வி நியாயமானது. குறைமாதக் குழந்தைக்கும் இரண்டு, இரண்டரைக் கிலோவுக்குக் கீழுள்ள குழந்தைக்கும் ஆபத்து கூடுதல்தான். அதனால்தான், காத்திருக்க முடிந்த இடத்தில் மருத்துவர்கள் காத்திருக்கிறார்கள். கீழறைச் சுவரின் சிறு ஓட்டைகள் பல தாமாகவே மூடிக்கொள்கின்றன. மேலறை ஓட்டையைப் பெரும்பாலும் 3 முதல் 5 வயதில், பல சமயம் நெஞ்சைத் திறக்காமல் தொடைவழிக் குழாய் செலுத்தியே அடைத்துவிடலாம். பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும் தமனி நாளத்தைத் திறந்து வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் மருந்தும் சில குழந்தைகளுக்கு முக்கியமான சில நாள்களைப் பெற்றுத் தருகிறது. ஆகவே அவசரமாக அறுப்பதா, ஆறப்போடுவதா என்பது குறைக்குக் குறை மாறும். அறுவையின் ஆபத்தை எண்ணுகிற நாம், தாமதத்தின் ஆபத்தையும் அதே தராசில் வைக்க வேண்டும். செலவுக் கவலையும் உண்டு. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 2015-இல் தொடங்கிய மெடிஷீல்டு லைஃப் காப்புறுதித் திட்டம் பிறவிக் குறைகளையும் உள்ளடக்கியது.

பால் குடிக்கையில் குழந்தைக்கு வியர்த்து மூச்சு வாங்கினால், முப்பது நாள் கழியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். உதடும் நாக்கும் நீலம் பூத்தால் உடனே 995-ஐ அழையுங்கள்.