ரேடியம்: மல்வேர்ன் மண்ணிலிருந்து கீரிமலைக் கடல்வரை

எம்மவர் பலர் வாழும் ஸ்காபுறோவின் மல்வேர்ன் பகுதியில் மக்லூர் கிறெசன்ற் என்றொரு தெரு உண்டு. அங்கு வீடுகளைச் சுற்றியிருந்த மண்ணில் ரேடியம் கலந்திருப்பது 1980இல் தெரியவந்தது. 1940களில் அந்த இடம் பண்ணை நிலமாக இருந்தபோது அங்கு ரேடியம் கையாளப்பட்டிருந்தது. 1990இல் மக்லெவின் அவெனியூவிலும் அத்தகைய மண் காணப்பட்டது. 1995இல் அது அகழ்ந்து அகற்றப்பட்டது.

இத்தனை காலம் கழிந்தும் ரேடியம் ஏன் மறையவில்லை? ஒரே மூலகத்தின் அணுக்களில் நியூத்திரன்களின் எண்ணிக்கை வேறுபட்டால் அவற்றைச் சமதானிகள் என்கிறோம். ரேடியம்-226 என்ற சமதானி பாதியாகக் குறைய 1600 ஆண்டுகள் வேண்டும். நாற்பது ஆண்டுகளில் அது 2 வீதம்கூடக் குறையாது. ரேடியம்-228 பாதியாவதற்கு 5.75 ஆண்டுகளும், ரேடியம்-223க்கு 11.4 நாட்களும், ரேடியம்-224க்கு 3.66 நாட்களும் போதும்.

வேகம் வேறான இந்த நான்கு கடிகாரங்களும் கடலாய்வாளருக்கு உதவுகின்றன. பாறையிலும் மணலிலும் இயற்கையாகவே சிறிதளவு ரேடியம் உண்டு. நன்னீரில் அது மணற்துணிக்கைகளில் ஒட்டிக்கொள்ளும். உப்புநீர் பட்டதும் கழன்று கரையும். ஆகவே கரையோரக் கடலில் ரேடியம் மிகுந்திருந்தால், அடியிலிருந்து நிலத்தடி நீர் கசிகிறதா என்று ஆராய முடியும். குறுகிய ஆயுளுள்ள சமதானிகள் எவ்வளவு குறைந்துள்ளன என்பதைக் கொண்டு, அந்த நீர் கரையை விட்டு எத்தனை நாட்களாயின என்றும் கணிக்கலாம். நூற்றுக்கணக்கான லீற்றர் கடல்நீரை மங்கனீசு ஒட்சைட்டு ஏற்றிய நாரினூடாகச் செலுத்தி ரேடியத்தைப் பிடிப்பார்கள்.

அமெரிக்காவின் தென் கரோலினாக் கரையோரத்தில் வில்லார்ட் மூர் ரேடியம்-226ஐ அளந்து 1996இல் வெளியிட்ட முடிவு பலரை வியக்க வைத்தது. அங்கு கடலுக்குள் கசியும் நிலத்தடி நீர், ஆறுகள் கொண்டுசேர்க்கும் நீரின் சுமார் 40 வீதத்துக்குச் சமம் என்றது அது. அந்தக் கசிவில் மணலுக்குள் புகுந்து திரும்பும் கடல்நீரும் அடங்கும்.

வற்றாத ஆறு இல்லாத யாழ்ப்பாணத்துக்கு இது நெருங்கிய விடயம். சுண்ணக்கல்லில் தேங்கும் மழைநீரே அங்கு கிணற்று நீர். அதில் ஒரு பகுதி கடலை நோக்கி ஓடுவதற்குக் கீரிமலைக் கேணியே சாட்சி. அதை வீண் என்று சொல்லிவிட முடியாது. வெளியேறும் நன்னீரின் அழுத்தமே உப்புநீர் உள்ளே வராமல் தடுக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு உவராகும். எவ்வளவு இறைக்கலாம் என்று முடிவெடுக்க, எவ்வளவு கசிகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ரேடியச் சமதானிகள் அதை அளக்கும் ஒரு வழி.