புலிக்குத்திக் கல்லும் தண்டவாளமும்: கொங்கு நாட்டில் பணியில் மாண்டோர் நினைவின் வரலாறு

கொங்கு நாட்டு ஊர்ப்புறங்களில் புலிக்குத்திக் கற்களைப் பார்க்கலாம். பாய்ந்தெழுந்த புலியை ஒருவன் எதிர்கொண்டு குத்தும் காட்சி அவற்றில் செதுக்கப்பட்டிருக்கும். சில ஊர்களில் இவற்றுக்கு இன்றும் பூசை நடக்கிறது. நடுகல் ஆய்வுகள் பெரும்பாலும் போரையும் ஆநிரை கவர்தலையும் பேசுவதால், இந்தக் கல்லையும் வீரத்தின் அடையாளமாகவே படித்துவிடுகிறோம். அதில் நிற்பவன் பெரும்பாலும் படைவீரன் அல்லன். மாட்டுப்பட்டியைக் காப்பது அவன் வேலை. அந்த வேலையில் உயிர் போனது. பணியில் இறந்தவனுக்கு ஊரே கல் நாட்டிய மரபு இது என்பது என் வாதம். அந்த மரபு, இருப்புப்பாதை வந்த பிறகு என்ன ஆனது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அடுத்த ஆறு ஆண்டுகளில் மதராஸ் ரயில்வேயின் பாதை சேலம், சங்கரி, ஈரோடு வழியாகப் போத்தனூரைத் தொட்டு, பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து மேற்குக் கடற்கரைக்குப் போனது. கோயம்புத்தூர் நகரத்துக்கு ரயில் வந்ததோ 1873இல், மேட்டுப்பாளையம் கிளைப்பாதை போட்டபோதுதான். ஆகவே கோவைப் பகுதியின் முதல் ரயில்வே ஊர் போத்தனூர். பட்டறை, குடியிருப்பு, சந்திப்பு நிலையம் என்று வளர்ந்த அவ்வூர் பின்னாளில் ஒரு கோட்டத்தின் தலைமையிடமாகவும் இருந்தது. 1956இல் அந்தத் தலைமையிடம் ஒலவக்கோட்டுக்கு மாறியது.

மலையேறும் பாதையின் கதை வேறு. 1891 ஆகஸ்டில் ஆளுநர் வென்லாக் பிரபு நீலகிரி ரயில் பாதைக்கு முதல் மண்ணை வெட்டினார். மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை திறக்கப்பட்டது 1899இல். 12.5 அடிக்கு ஓர் அடி ஏறும் பற்சக்கரப் பாதையும், பாறையைக் குடைந்த சுரங்கங்களும், ஓடைகளின் மேல் பாலங்களும் கைவேலையால் எழுந்தவை. 2005இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அந்தப் பாதையைப் பற்றிய நம் பேச்செல்லாம் எஞ்சினையும் பொறியாளர்களையும் சுற்றியே நிற்கிறது. வெடிவைத்தவனும் கல் சுமந்தவளும் அதில் இடம்பெறுவதில்லை.

பாதை போட்டதோடு ஆபத்து முடியவில்லை. பாதையைப் பராமரிக்கும், கேங்மேன் என்று நேற்றுவரை அழைக்கப்பட்ட டிராக்மேன் வெயிலிலும் மழையிலும் தண்டவாளத்தின் மேலேயே நிற்கிறார். கீமேன் தன் பங்குக்குரிய சில கிலோமீட்டர் தூரத்தை நாள்தோறும் நடந்து, தளர்ந்த பிடிப்புகளைச் சுத்தியலால் அடித்து இறுக்குகிறார். மழைக்காலத்தில் இரவு ரோந்து போகிறவர் கையில் விளக்கோடும், ஆபத்து என்றால் தண்டவாளத்தில் வைக்க வேண்டிய வெடிகளோடும் தனியே நடக்கிறார். எதிர்ப் பாதையில் போகும் ரயிலின் இரைச்சல், பின்னால் வரும் ரயிலின் சத்தத்தை மறைத்துவிடும். இரட்டைப் பாதையில் மரணம் இப்படித்தான் வருகிறது. வளைவில் பார்வையும் உதவாது.

இந்த மரணங்களுக்குச் சட்டம் முதலில் ஒரு விலை வைத்தது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1924 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. பணியின்போது, பணியின் காரணமாக நேர்ந்த சாவுக்கு முதலாளி பணம் தர வேண்டும் என்பது பெரிய முன்னேற்றம். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அதோடு நினைவு கோப்புக்குள் போனது. இறந்தவரின் பெயரும் ஊதியமும் வாரிசும் பதிவாயின, பணம் பட்டுவாடாவானது, கோப்பு மூடப்பட்டது. கருணை அடிப்படையில் மகனுக்கு வேலை கிடைத்தால், அப்பா அடிபட்ட அதே தண்டவாளத்தில் அவன் சுத்தியலோடு நடக்க வேண்டியும் வரலாம். ஊர் நாட்டிய கல்லின் இடத்துக்கு அலுவலகப் பேரேடு வந்தது இப்படித்தான்.

இதற்கு இணையாக இன்னொரு நினைவு மரபு போராட்டத்திலிருந்து பிறந்தது. அதன் தொடக்கத்திலும் போத்தனூர் இருக்கிறது. 1908இல் இப்பகுதிப் பாதைகள் தென்னிந்திய ரயில்வேயிடம் வந்தன. 1928இல் அந்தக் கம்பெனி நாகப்பட்டினம், போத்தனூர், திருச்சி பட்டறைகளைத் திருச்சியை அடுத்த பொன்மலையில் ஒன்றாக்கவும், ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து நீக்கவும் முனைந்தது. ஆட்குறைப்புக்காக வைக்கப்பட்ட திறன் தேர்வுக்கு உட்பட தொழிலாளர்கள் மறுத்தார்கள். ஜூலை 20 அன்று பொது வேலைநிறுத்தம் தொடங்கியது. பத்து நாளில் ஒடுக்கப்பட்டது. ஈரோட்டிலிருந்து பெரியார் நடத்திய குடி அரசு தொழிலாளர் பக்கம் நின்றது. வேலைநிறுத்தத்தை ஆதரித்த பொதுவுடைமைத் தலைவர் சிங்காரவேலர் முதிய வயதில் சிறைக்குப் போனார். போத்தனூர் பட்டறை பிற்காலத்தில் சிக்னல், தொலைத்தொடர்புக் கருவிகளுக்கான பட்டறையாகத் தொடர்ந்தது.

1946 ஆகஸ்டில் வேலைநிறுத்தத்தால் தென்னிந்திய ரயில்வே மறுபடி நின்றது. செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் மலபார் சிறப்புப் போலீசார் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் மாண்டார்கள். தொழிற்சங்கத் தலைவர் அனந்தன் நம்பியார் கடுமையாகத் தாக்கப்பட்டார். விடுதலைக்குப் பின் நாடாளுமன்றத்துக்கும் சென்றார். பொன்மலையில் நினைவுச் சின்னம் எழுந்தது. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 5 அன்று செங்கொடிகளோடு அங்கே கூடுகிறார்கள். கொங்கு நாட்டில் இதற்கு நிகர் சின்னியம்பாளையம். 1946 ஜனவரி 8 அன்று கோவை மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்ட நான்கு மில் தொழிலாளர்கள் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். அங்கும் ஆண்டுதோறும் அஞ்சலி நடக்கிறது.

இந்த இரண்டு இடங்களின் மேல் எனக்கு மாறாத மதிப்பு உண்டு. ஆனால் ஆய்வாளன் ஒன்றைக் கவனித்தாக வேண்டும். துப்பாக்கிக்கும் தூக்குக்கயிற்றுக்கும் பலியானவரை இயக்கம் தியாகி என்று கொண்டாடியது. ரயிலில் அடிபட்டவர் விபத்தில் போனவர் ஆனார். முன்னது ஒரே நாளில், பலர் கண்முன்னே, எதிரி யாரென்று தெரிந்து நடந்தது. பின்னது வெவ்வேறு நாளில், வெவ்வேறு கிலோமீட்டர் கல்லருகே, தனித்தனியாக நடக்கிறது. கூட்டமாக நேராத சாவுக்குக் கூட்டம் கூடுவதில்லை. தொழிற்சங்கங்களும் பெரும்பாலும் இந்தப் பிரிவினையைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டன. இது அவற்றின் குறை என்றே நான் கருதுகிறேன்.

எண்ணிக்கையைப் பார்த்தால் குறையின் அளவு புரியும். ரயில் பாதுகாப்பை ஆராய்ந்து 2012இல் அறிக்கை தந்த அனில் ககோத்கர் குழு, 2007-08 முதல் 2011 அக்டோபர் வரை சுமார் 1,600 ரயில்வே ஊழியர்கள் பணியில் இறந்ததாகவும், சுமார் 8,700 பேர் காயமுற்றதாகவும் சொன்னது. ஐந்து ஆண்டுகூட நிறையாத காலத்தின் கணக்கு இது. ரயில் வருவதை முன்கூட்டி எச்சரிக்கும் கைக்கருவிகள் அதன்பின் சில பகுதிகளில் வந்தன. வேகமும் ரயில்களின் எண்ணிக்கையும் அதே காலத்தில் கூடின.

பெயர் பொறித்த கல் எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்குச் சயாம்–பர்மா பாதை சான்று. 1942–43இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் நீளப் பாதையில் ஆயிரக்கணக்கான நேச நாட்டுக் கைதிகள் இறந்தார்கள். அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் மாண்டார்கள். மலாயா தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெருந்தொகையினர். காஞ்சனபுரியில் போர்வீரர்களின் கல்லறைகள் பேணப்பட்ட வரிசைகளாக இருக்கின்றன. தமிழர்களைக் காடு விழுங்கியது. அண்மையில்தான் அங்கே அவர்களுக்காக ஒரு நடுகல் எழுந்தது, அதுவும் பிற்காலத் தலைமுறையினரின் விடாமுயற்சியால்.

போத்தனூர் இப்போது சேலம் கோட்டத்தில் இருக்கிறது. 1924க்குப் பிந்தைய இழப்பீட்டுப் பதிவுகளையும் ஊழியர் பணிப்பதிவேடுகளையும் கோட்ட வாரியாகத் தொகுத்தால், ஈரோடு முதல் வாளையாறு வரையும், மேட்டுப்பாளையம் முதல் உதகை வரையும் பாதையில் உயிர்விட்டவர்களின் பெயர்ப்பட்டியல் உருவாகும். பணியில் இறந்தோரை உலகெங்கும் நினைவுகூரும் நாள் ஏப்ரல் 28. அந்த நாளில் போத்தனூர் நிலைய வாசலில், பதவியும் ஊரும் இறந்த தேதியும் சேர்த்து, கீமேனையும் கலாசி எனப்படும் உதவித் தொழிலாளியையும் எஞ்சின் ஓட்டுநரையும் ஒரே எழுத்தளவில் பொறித்த ஒரு கல்லை நாட்டுங்கள். ரயில்வே நிர்வாகத்திடமும், கொடி வேறுபாடின்றி எல்லாச் சங்கங்களிடமும், கோவை வரலாற்று ஆர்வலர்களிடமும் இக்கட்டுரை கேட்பது இதுதான்.