வளர்ப்புக் கிளியின் தொடர் முட்டையீடு

வீட்டில் வளரும் பெண் கிளி பருவமோ துணையோ பாராமல் ஈட்டுக்குமேல் ஈடாக முட்டையிட்டுக்கொண்டே போவதைத் தொடர் முட்டையீடு என்பார்கள். ஒரே ஈட்டில் தன் இனத்துக்கு வழக்கமான எண்ணிக்கையைத் தாண்டியும் நிறுத்தாமல் இடுவதும் இதில் சேரும். எப்போதோ ஒருமுறை நாலைந்து முட்டை இட்டு ஓய்வது நோயில்லை. சேவல் இல்லாமலே கோழி முட்டையிடுவதுபோலத் தனியாக வளரும் கிளியும் இடும். அவை கூமுட்டைகள், எத்தனை நாள் அடைகாத்தாலும் பொரியாது. ஓய்வே இல்லாமல் இடும்போதுதான் பறவையின் உயிருக்கு ஆபத்து வருகிறது.

இத்தொல்லை அதிகம் காணப்படும் பறவைகள் காக்கட்டீல், பட்ஜெரிகர், ஆப்பிரிக்க லவ் பேர்ட் ஆகிய மூன்றும். தமிழ்நாட்டுப் பறவைக் கடைகளில் இந்தப் பெயர்கள் இடம் மாறிக் கிடக்கின்றன. அங்கே ‘லவ் பேர்ட்ஸ்’ என்று கேட்டால் கிடைப்பது ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர். உண்மையான லவ் பேர்டுக்கு ‘ஆப்பிரிக்கன்’ என்ற அடைமொழி வேண்டும். காக்கட்டீலோ பலர் வாயில் ‘காக்டெய்ல்’ ஆகிவிட்டது. மருத்துவரிடம் இனத்தைச் சரியாகச் சொல்ல வேண்டியிருப்பதால் இந்தக் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது இக்கட்டுரையில் வராது. இங்கே முதன்மையாகப் பேசப்படுவது காக்கட்டீல்.

முட்டை உருவாகும் வழி

பெரும்பாலான பறவைகளைப் போலவே பெண் கிளிக்கும் வேலை செய்வது இடப்பக்கச் சூலகம் மட்டுமே. அங்கிருந்து விடுபடும் மஞ்சள் கரு, கருக்குழாயில் இறங்கி வரும் வழியில் வெள்ளைக் கருவையும் மெல்லிய சவ்வையும் பெறுகிறது. கடைசியாக ஓட்டுச் சுரப்பியில்தான் அதிக நேரம் தங்குகிறது. ஓடு கிட்டத்தட்ட முழுவதும் கால்சியம் கார்பனேட். அவ்வளவு கால்சியத்தையும் குறுகிய நேரத்துக்குள் இரத்தம் கொண்டுவந்து கொட்ட வேண்டும். அன்றைய தீனி மட்டும் அதற்குப் போதாது.

இதற்காகவே பெண் பறவையின் உடலில் ஒரு சேமிப்பு ஏற்பாடு இருக்கிறது. முட்டையிடும் பருவம் நெருங்கும்போது, ஈஸ்ட்ரோஜன் சுரப்பு உயர்ந்து, தொடை எலும்பு போன்ற நீண்ட எலும்புகளின் உட்குழியில் புதிதாக எலும்பு இழைகள் வளர்கின்றன. ஓடு கட்டும் நேரத்தில் இவை கரைந்து கால்சியத்தைக் கொடுக்கும். இடையில் மறுபடி நிரம்பும். நிரம்பச் சமயம் கிடைக்காவிட்டால் கரைவது சேமிப்போடு நிற்காது, எலும்பே தேயும். ஈடுகளுக்கு இடையில் ஓய்வு வேண்டும் என்பது இதனால்தான்.

காக்கட்டீல் 80 முதல் 100 கிராம் வரை எடையுள்ள சிறு பறவை. அதன் முட்டை ஏறத்தாழ 5 கிராம் இருக்கும். இரண்டரை சென்டிமீட்டர் நீளம், வெள்ளை நிறம். ஒன்று விட்டு ஒரு நாளாக நான்கு முதல் ஏழு வரை இடும். எட்டு முட்டை இட்டுவிட்டால் தன் எடையில் கிட்டத்தட்டப் பாதியை வெளியே தந்துவிட்டது என்று கணக்கு. அடுத்த மாதமே இன்னொரு எட்டு என்றால், தினையையும் சூரியகாந்தி விதையையும் கொறித்து அந்தக் கணக்கை ஈடுகட்ட முடியாது.

வீடு சொல்லும் சேதி

காக்கட்டீலின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. மழை எப்போது வரும் என்று அங்கே சொல்ல முடியாது. மழை பெய்து புல் விதை பெருகினால், நீர்நிலைக்கு அருகில் மரப்பொந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டு இணை முட்டையிடும். வறட்சி வந்தால் ஓய்ந்துவிடும். ஆக, தேதி பார்த்து முட்டையிடும் பறவை இல்லை. சூழலைப் பார்த்து இடும் பறவை. தீனி நிறைய இருக்கிறதா, பொந்து இருக்கிறதா, துணை இருக்கிறதா, வெளிச்சம் நீள்கிறதா என்பதையே அது கவனிக்கிறது.

இனி ஒரு நகரத்துக் குடியிருப்பைப் பாருங்கள். கூடத்தில் கூண்டு. தீனிக் கிண்ணம் நாள் முழுதும் நிறைந்திருக்கிறது. கடைக்காரர் கூண்டோடு சேர்த்துக் கொடுத்த, பக்கவாட்டில் ஓட்டை போட்ட மண்பானை ஒரு மூலையில் தொங்குகிறது. இன்னொரு மூலையில் கண்ணாடி. அதற்குள் எந்நேரமும் ஒரு காக்கட்டீல். காலை ஆறு மணிக்குச் சமையலறை விளக்கு எரிகிறது, இரவு பதினோரு மணிக்குத் தொலைக்காட்சி அணைகிறது. வீட்டில் ஒருவர் சாயங்காலம் தவறாமல் பறவையைத் தோளில் வைத்து முதுகைத் தடவிக் கொடுக்கிறார். பறவை கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் அந்த வீடு ‘ஆமாம்’ என்று பதில் சொல்லிவிட்டது. அந்தப் பதில் வறட்சியே வராமல் ஆண்டு முழுதும் நீடிப்பதால் முட்டையும் நீடிக்கிறது.

தடவுவதை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வளர்ப்பவர்கள் நம்ப மறுப்பது இதைத்தான். கிளிகளிடையே முதுகு, இறக்கையின் அடி, வால் அடி ஆகிய இடங்களைத் தொடுவது இணை சேர்வதற்கான தொடுகை. கை அங்கே போனதும் பெண் காக்கட்டீல் உடலைத் தாழ்த்தி, வாலை உயர்த்தி, மெல்லிய குரலில் விடாமல் கீச்சிடத் தொடங்கினால் அது உங்களைத் துணையாகக் கொண்டுவிட்டது என்று பொருள். வாயில் வைத்து ஊட்டுவதும் சூடான குழைந்த உணவு கொடுப்பதும் அதே உறவை உறுதிப்படுத்தும். ஆண் கிளி துணைக்குத் தீனியைக் கக்கி ஊட்டுவது வழக்கம். ஆண் என்று நினைத்து ‘ராஜா’ என்று பெயர் வைத்த பறவை ஒருநாள் தட்டில் முட்டை போட்டு வீட்டாரைத் திகைக்க வைப்பதும் அபூர்வமில்லை. சாம்பல்நிறக் காக்கட்டீலில் வளர்ந்த பெண்ணின் வால் அடியில் மஞ்சள் வரிகள் தெரியும். வெள்ளை, மஞ்சள் வகைகளில் பார்த்துச் சொல்வது கடினம்.

ஆபத்துகள்

கால்சியம் தீர்ந்த பறவையின் தசை சுருங்கும் வலிமையை இழக்கிறது. முட்டை பாதி வழியில் நின்றுவிடுகிறது. இந்த முட்டை அடைப்பே உடனடியாக உயிரைப் பறிப்பது. கம்பில் உட்காராமல் கூண்டின் தரையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்காரும். காலை அகட்டி முக்கும். மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கும். இடுப்பு நரம்பை முட்டை அழுத்தினால் கால் இழுத்துக்கொள்ளும். சின்னப் பறவைக்கு இது மணிக்கணக்கில் முடிந்துவிடும் விஷயம்.

விளக்கெண்ணெய் தடவுவது, வயிற்றை அமுக்கித் தள்ளுவது இரண்டும் கூடாது. எண்ணெய் முட்டை நிற்கும் இடம்வரை போவதில்லை. இறகில் ஒட்டி உடல் சூட்டைத்தான் குறைக்கும். அமுக்கினால் முட்டை உள்ளே உடையலாம், கருக்குழாயே கிழியலாம். மருத்துவரிடம் போகும்வரை வெதுவெதுப்பான, அமைதியான, அரையிருளான இடத்தில் வைத்திருப்பது போதும். அங்கே எக்ஸ்ரே எடுத்து, கால்சியம் ஊசியும் திரவமும் கொடுத்துப் பார்ப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் ஊசியால் முட்டையின் உள்ளீட்டை உறிஞ்சி ஓட்டைச் சுருக்கி வெளியே எடுப்பதும் உண்டு.

மற்றவை மெதுவாக வரும்: எலும்பு முறிவு, வலிப்பு, கருக்குழாய் வெளியே பிதுங்குதல், மஞ்சள் கரு வயிற்றறைக்குள் சிந்தி அழற்சியாதல்.

முட்டையை எடுக்கலாமா?

வளர்ப்பவர் முதலில் செய்யும் காரியம், முட்டையைக் கண்டதும் எடுத்து எறிவது. பலருக்கும் இயல்பாகத் தோன்றும் இந்தச் செயலே நிலைமையை மோசமாக்குகிறது. நாட்டுக்கோழி வளர்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அன்றாடம் முட்டையை எடுத்தால் கோழி இட்டுக்கொண்டே இருக்கும்; எடுக்காமல் விட்டால் பத்துப் பதினைந்தோடு நிறுத்தி அடையில் உட்காரும். காக்கட்டீலும் அப்படித்தான். ஈடு நிறைந்துவிட்டது என்பதைக் கண்ணும் வயிற்றின் வெறுந்தோலும் உணர்ந்தால்தான் புரோலாக்டின் என்ற ஹார்மோனின் சுரப்பு உயர்ந்து முட்டையிடல் அடங்குகிறது. முட்டை காணாமல் போனால் பாம்போ ஓணானோ தின்றுவிட்டதாக எண்ணி, இழந்ததை ஈடுசெய்ய முனைகிறது.

எனவே முட்டைகளை அப்படியே விட்டுவிட வேண்டும். உடைந்தால் அதே அளவுள்ள பிளாஸ்டிக் அல்லது மர முட்டையை வைக்கலாம். கூண்டில் ஆண் இருந்தால் ஒவ்வொரு முட்டையையும் இட்ட அன்றே எடுத்து வேகவைத்து, ஆறியபின் திருப்பி வைத்துவிட வேண்டும். இல்லையேல் குஞ்சு பொரிக்கும். இயல்பான அடைகாலம் 18 முதல் 21 நாள். அது கழிந்து பறவைக்கே சலித்து எழுந்து போன பிறகு எடுத்துவிடலாம். அந்த மூன்று வாரமும் தீனியும் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அடையில் இருக்கும் பறவை கொத்தும், சீறும். அதைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். பட்ஜெரிகரில் சில, முட்டையை எடுத்தாலும் விட்டாலும் ஒரே எண்ணிக்கையில் நிறுத்துகின்றன. ஆனாலும் விட்டுவைப்பதால் நட்டமில்லை.

வீட்டை மாற்றுதல்

பானை, பெட்டி, துணிக்கூடாரம், கண்ணாடி எல்லாம் வெளியேற வேண்டும். அடைகாத்துக்கொண்டிருக்கும்போதே கூட்டைப் பிடுங்கினால் வேறிடம் தேடி மறுபடி தொடங்கும். அடை தெளிந்த பிறகு எடுப்பதே சரி. சோபாவின் அடி, அலமாரி இடுக்கு, திறந்த இழுப்பறை ஆகியவையும் காக்கட்டீலின் பார்வையில் மரப்பொந்துதான். லவ் பேர்டுக்குக் காகிதமே கூடு கட்டும் பொருள். அதிலும் செம்முக வகையின் பெண், காகிதத்தை நீள நீளமாகக் கிழித்து முதுகின் பின்பக்க இறகுகளுக்குள் செருகிக்கொண்டு போவதைப் பார்த்தால் ரசிக்காமல் இருக்க முடியாது. ரசித்துவிட்டுக் காகிதத்தை எடுத்துவிட வேண்டும்.

வெளிச்சத்தைப் பற்றி அயல்நாட்டு நூல்கள் கோடை, குளிர்காலம் என்று பேசும். சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரமே வித்தியாசம். இங்கே பகலை நீட்டுவது சூரியனைவிடக் குழல்விளக்குதான். மாலை ஆறு மணி வாக்கில் கூண்டை ஆள் நடமாட்டமில்லாத இருட்டறைக்கு மாற்றி, 12 முதல் 14 மணி நேரம் தொடர்ந்து இருளில் தூங்கவிட வேண்டும். கூடத்திலேயே வைத்துக் கனத்த துணி போர்த்துவது கோடையில் புழுக்கம் தரும்; போர்வைக்குள் தொலைக்காட்சிச் சத்தமும் கேட்கும். இருட்டு மட்டும் போதும் என்றும் எண்ணக் கூடாது. மழைக்கும் தீனிக்கும் ஏற்ப முட்டையிடும் பறவைக்கு வெளிச்சம் பல குறிப்புகளில் ஒன்றுதான்.

கூண்டின் இடத்தையும் உள்ளே கம்புகளின் அமைப்பையும் அவ்வப்போது மாற்றுவது நல்ல பலன் தருகிறது. பழகாத இடத்தில் கூடு வைக்கப் பறவை தயங்கும். கொஞ்சுவது தலை, கழுத்தோடு நிற்கட்டும்.

தீனியும் கால்சியமும்

விதைகளில் கொழுப்பும் பாஸ்பரஸும் அதிகம். கால்சியமும் வைட்டமின் ஏ-யும் மிகக் குறைவு. சூரியகாந்தி விதையே கதியென்று இருக்கும் பறவைக்கு முட்டையிடத் தூண்டும் கொழுப்பு கிடைக்கிறது, ஓடு கட்டும் பொருள் கிடைப்பதில்லை. பெல்லட் தீனிக்குச் சில வாரங்களில் படிப்படியாகப் பழக்கலாம். நிறைந்த கிண்ணத்துக்குப் பதிலாக அளவோடு இருவேளை வைத்து, அதிலும் கொஞ்சத்தைத் தேடி எடுக்கும்படி ஒளித்து வைக்க வேண்டும். பட்டினி போடக் கூடாது. சமையலறையில் கிராம் காட்டும் தராசு இருந்தால் தினமும் காலையில் பறவையை நிறுத்து எழுதி வையுங்கள். எடை சரிவதும், முட்டைக்கு முன் திடீரென ஏறுவதும் தாளில் தெரியும். இனப்பெருக்கத்துக்கென்று விற்கும் முட்டைத் தீனியை நிறுத்திவிட வேண்டும்.

நாட்டு மருந்துக் கடையில் ‘கடல்நுரை’ என்று கேட்டால் கிடைக்கும் கணவாய் ஓடு கால்சியத்துக்கு மலிவான வழி. முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் நல்லவை. பாலக்கீரையில் ஆக்சலேட் மிகுதியாதலால் அதிலுள்ள கால்சியம் உடம்பில் சேருவது குறைவு. கால்சியத்தைக் குடல் ஈர்க்க வைட்டமின் டி வேண்டும். அதற்கு நேரடி வெயில் வேண்டும். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் தேவையான புற ஊதாக் கதிர் வடிகட்டப்பட்டுவிடும். இளங்காலை வெயிலில், பாதி நிழல் இருக்கும்படி, காக்கையும் பூனையும் அண்டாதபடி கூண்டை வெளியே வைத்துக் கூடவே இருக்க வேண்டும். சொட்டு மருந்தாக வைட்டமின் டி-யைத் தாமாகவே கொடுப்பது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இவ்வளவும் செய்தாலும் கால்சியம் முட்டையிடலை நிறுத்தாது, இடும்போது பறவை சாகாமல் காக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, மருந்துக்கடை கால்சியம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பானையை அப்படியே விட்டுவைப்பவர்களே அதிகம்.

மருத்துவம்

வீட்டை மாற்றியும் அடங்காவிட்டால் ஹார்மோன் மருந்து உண்டு. மனிதருக்குப் புராஸ்டேட் புற்றுநோயில் தரப்படும் லூப்ரோலைடு ஊசியின் பலன் பறவையில் சில வாரங்கள் நிற்கும். திரும்பத் திரும்பப் போட வேண்டும். டெஸ்லோரெலின் என்பது நெல்மணியளவு பதியம். தோள்பட்டைகளுக்கு இடையில் தோலுக்கடியில் வைத்தால் காக்கட்டீலில் மாதக்கணக்கில் வேலை செய்கிறது. இரண்டுமே பிட்யூட்டரி சுரப்பியை இடைவிடாமல் தூண்டி, இறுதியில் அதை மரத்துப்போகச் செய்பவை. எனவே போட்ட முதல் சில நாட்களில் ஒரு முட்டை வந்தாலும் வரலாம். முன்பு பயன்பட்ட மெட்ராக்சிபுரொஜெஸ்டிரோன் ஊசி உடற்பருமன், நீரிழிவு, கல்லீரல் கேடு ஆகியவற்றைக் கொண்டுவந்ததால் கைவிடப்பட்டது. கருக்குழாயை அறுவையால் நீக்குவது கடைசி வழி. சூலகம் பெரிய இரத்தக் குழாய்களை ஒட்டியிருப்பதால் அதை எடுக்க முடிவதில்லை. 90 கிராம் பறவைக்கு மயக்கமருந்தே ஒரு சோதனை.

வீட்டுச் சூழல் மாறாமல் மருந்து மட்டும் போனால், அதன் வீரியம் தீர்ந்ததும் முட்டை மறுபடி வரும். புதிதாகப் பெண் காக்கட்டீல் வாங்கப் போகிறவர்கள், கூண்டில் தொங்கும் அந்த மண்பானையைக் கழற்றிக் கடையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.