தோப்பில் உடும்பைக் கண்டால் அடிக்காதீர்கள்

கோழிக்கூண்டில் முட்டை குறைந்தால் பழி முதலில் உடும்பின் மேல்தான் விழும். அது முட்டை தின்பது உண்மைதான். ஆனால் உங்கள் தோப்பிலும் வயலிலும் அது வேறு எதையெல்லாம் தின்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

தோற்றம்

நம் பகுதியில் இருப்பது வங்காள உடும்பு. வாலோடு சேர்த்து சுமார் 175 செ.மீ. வரை வளரும், அதில் பாதிக்கு மேல் வால்தான். உடல் பழுப்பு அல்லது சாம்பல் நிறம். பாம்பைப் போலப் பிளந்த நாக்கை நீட்டி மோப்பம் பிடிக்கும். குட்டிகளின் உடலில் வெளிர்மஞ்சள் புள்ளிகள் பளிச்செனத் தெரியும். இவற்றைப் ‘பொன்னுடும்பு’ என்றும், கடித்தால் உயிர் போகும் என்றும் சொல்வதில் உண்மையில்லை. ஆனாலும் கடி ஆழமாக இருக்கும். கடிபட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, மருத்துவரைப் பாருங்கள்.

உணவு

பகலில் இரை தேடும். வண்டு, புழு, வெட்டுக்கிளி, தேள், நத்தை, நண்டு, தவளை, எலி, முட்டை, செத்த பிராணிகள் என எல்லாம் தின்னும். எருக்குழி ஓரத்தில் உடும்பு கிளறினால் விரட்டாதீர்கள். தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் புழு வளர்வது அங்கேதான்.

வாழிடம்

வீராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் தென்னந்தோப்பும் ஆற்றங்கரைப் புதரும் இதற்கு ஏற்ற இடங்கள். பாகூர், வில்லியனூர் பக்கம் ஏரிக்கரை, வரப்பு வளை, மரப்பொந்து. பெண் உடும்பு மண்ணில் குழி தோண்டியோ, கறையான் புற்றிலோ சுமார் 20 முட்டைகள் இட்டு மூடிவிடும். பொரிக்கப் பல மாதங்கள் ஆகும்.

விவசாயிகள் கவனத்திற்கு

* கோழிக்கூண்டின் அடிப்பகுதியில் இடைவெளி இல்லாமல் கம்பிவலை அடியுங்கள். முட்டைகளை அன்றன்றே எடுத்துவிடுங்கள்.
* எலி மருந்து வைத்தால், செத்த எலிகளை உடனே ஆழமாகப் புதையுங்கள். அவற்றைத் தின்னும் உடும்பும் சாகக்கூடும்.
* தோப்போரப் புற்றுகளை அவசியமின்றி இடிக்காதீர்கள்.
* வீட்டுக்குள் வந்துவிட்டால் பிடிக்க முயலாமல் வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.

சட்டம்

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உடும்பு இருக்கிறது. வேட்டையாடினாலும், கறி, தோல், எண்ணெய் விற்றாலும் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கும். உடும்புக் கறியும் எண்ணெயும் மூட்டுவலியைப் போக்கும், ஆண்மையைக் கூட்டும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. நாலு முட்டைக்காகவோ ஒரு வேளைக் கறிக்காகவோ, சம்பளம் கேட்காமல் பூச்சி பிடிக்கும் பிராணியை இழந்து, சிறைக்கும் போக வேண்டுமா? யோசியுங்கள்.