பத்திரம்: எழுத்து ஒன்று, சொல் இரண்டு

'கடன் பத்திரம்' என்றதும் பணம் பத்திரமாக இருக்கும் என்று மனம் நம்பிவிடுகிறது. அந்த நம்பிக்கையில் பாதி, தமிழ் எழுத்து செய்த வேலை. இந்த இரண்டு 'பத்திர'மும் வடமொழியிலிருந்து வந்த வெவ்வேறு சொற்கள். இலையைக் குறித்தது ஒன்று. ஓலையில் எழுதியதால் ஆவணத்துக்கும் பெயரானது. நலம், காப்பு என்பது மற்றது. 'பாட்டி'ன் ப முன்னதற்கு, 'பாரதி'யின் ப பின்னதற்கு. கர்நாடக எல்லையிலுள்ள கக்கநல்லா சோதனைச்சாவடியைத் தாண்டினால் கன்னடத்தில் இரண்டையும் வேறு வேறு எழுத்தால்தான் எழுதுகிறார்கள்.

குன்னூர் ஏலத்தில் தேயிலை விலை சரிந்தால் பச்சை இலைக்குக் கிடைக்கும் காசும் சரியும். அந்த இலையை விற்றுப் பிழைக்கும் சிறு விவசாயிக்கு, மாறாத வட்டியை எழுதித் தரும் காகிதம் பத்திரமானதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மாறாதது வட்டி. விற்கும் விலை அல்ல. 7 சதவீத வட்டியுள்ள 1,000 ரூபாய் பத்திரம் கையில் இருக்கும்போது, அதே தரத்தில் புதியவை 8 சதவீதம் தந்தால், பழையதை இடையில் விற்பவருக்கு 1,000 கிடைக்காது. முதிர்வு வரை காத்திருந்தால் முழுத்தொகை வரும், கடன் வாங்கியவர் நொடித்துப்போகாதவரை. மத்திய அரசுப் பத்திரத்தில் அந்தப் பயம் மிகக் குறைவு. ரிசர்வ் வங்கியின் ரீடெயில் டைரக்ட் திட்டத்தில் 2021 நவம்பர் முதல் தனிநபர்களே நேரடியாக வாங்கலாம். தனியார் நிறுவனப் பத்திரம் அப்படியல்ல: வங்கி டெபாசிட்டுக்கு உள்ள 5 லட்ச ரூபாய் காப்பீடு அதற்குக் கிடையாது.